விளையாட்டும் வினையும்

"விளையாட்டு வினையாகும்" என்பது நம் பாட்டிமார் வாயில் வழங்கிய பழமொழி. கிணற்றங்கரையில் ஒருவரையொருவர் தள்ளி விளையாடும் சிறுவர்களை அதட்டுவதற்கும், கேலிப்பேச்சு வரம்பு மீறும்போது தடுப்பதற்கும் இதனைச் சொல்வர். வேடிக்கையாகத் தொடங்குவது துன்பத்தில் முடியும் என்பது இதன் கருத்து. அனுபவத்தில் விளைந்த உண்மை இது, மறுப்பதற்கில்லை. ஆயினும் இப்பழமொழியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகின்றது. வினை விளையாட்டாகிவிட்டால் என்ன ஆகும்? பிறர் வாழ்வைத் தொடுகின்ற மெய்யான செயல்களைக் காய் நகர்த்துவதுபோல் செய்ய நாம் பழகிவிட்டால், நம்மை அதட்டுவதற்கு எந்தப் பாட்டி வருவாள்?

இக்கேள்வியை என் மனத்தில் எழுப்பியது ஒரு கணிப்பொறி விளையாட்டு. இலக்கிய மலரில் கணிப்பொறி விளையாட்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. சதுரங்கத்தையும் தாயத்தையும் பற்றி அறிஞர்கள் எழுதியதில்லையா? அவற்றின் பேரப்பிள்ளை இது.

கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் பேரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன் தந்தை கல்லூரி நாளில் ஆடிய பழைய விளையாட்டு ஒன்றைத் தேடியெடுத்து ஆடிக்கொண்டிருந்தான். "செஞ்சுரியன்: டிஃபெண்டர் ஆஃப் ரோம்" என்பது அதன் பெயர். "நூற்றுவர் தலைவன், ரோமாபுரியின் காவலன்" என்று தமிழில் சொல்லலாம். கெல்லின் பீக் என்பவர் வகுத்த இவ்விளையாட்டை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1990ஆம் ஆண்டில் வெளியிட்டது. இன்றைய விளையாட்டுகளில் காணும் பளபளப்பு இதில் இல்லை. திரையில் ஒரு நிலப்படம். அதில் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்காசியா ஆகிய பகுதிகளின் நாடுகள் கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆட்டக்காரனுடைய கையில் முதலில் இருப்பது இத்தாலியும் லீஜியன் எனப்படும் ஒரே ஒரு படையணியுமே. காலம் கி.மு. 275. அங்கிருந்து புறப்பட்டு நாடுகளை ஒவ்வொன்றாகத் தன்வயப்படுத்திக்கொண்டே போக வேண்டும். படிப்படியாகப் பதவி உயர்ந்து சீசர் என்னும் நிலையை எட்டினால் வெற்றி.

வாளை வீசுவது மட்டும் இதில் வேலையன்று. எதிரி நாட்டுத் தலைவனோடு பேசிப் பார்க்கலாம்; இணங்கினால் கூட்டாளியாக்கிக் கொள்ளலாம். இணங்காவிடில் படையின் அணிவகுப்பையும் தாக்கும் முறையையும் தேர்ந்து போரிடலாம். வென்ற நாட்டில் வரி விதிக்கலாம். வரி மிகுந்தால் மக்கள் மனம் புழுங்குவர், கலகம் வெடிக்கும். அப்போது வரியைக் குறைக்க வேண்டும். அல்லது கேளிக்கைகள் நடத்தி அவர்களை மகிழ்விக்க வேண்டும். சோற்றையும் கூத்தையும் காட்டி மக்களை ஆள்வதை ஜுவனல் என்னும் ரோமானியக் கவிஞர் எள்ளி நகையாடினார். அவருடைய எள்ளல் இங்கே ஆட்ட விதியாகவே அமைந்துவிட்டது.

போர்க்களக் காட்சிகளை விட்டுவிட்டால், இவ்விளையாட்டு முறை வைத்து ஆடுவது. நம் முறை வரும்போது உலகம் முழுவதும் அசையாமல் நிற்கும். எதிரி காத்திருப்பான். கடலலை காத்திருக்கும். நாம் எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் ஹன்னிபால் நின்ற இடத்திலேயே நிற்பான். முடிவு செய்து, "என் முறை முடிந்தது" என்று நாம் அறிவித்த பிறகுதான் காலம் நகரும். இதுவே இதன் சிறப்பு. என் கேள்வியின் வேரும் இதுவே.

வாழ்க்கையில் நாம் செய்யும் தவறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே சாக்கைத்தான் சொல்லுகிறோம்: "நேரமில்லை, அவசரத்தில் செய்துவிட்டேன்." சினத்தில் கை ஓங்கியவனும், பதற்றத்தில் பொய் சொன்னவனும் இச்சாக்கைச் சொல்லலாம், உலகமும் ஓரளவு ஏற்றுக்கொள்ளும். முறை வைத்து ஆடுகின்றவனுக்கு இச்சாக்கு கிடையாது. அவன் செய்வதனைத்தும் நின்று, நினைந்து, கணக்கிட்டுச் செய்வது. ஆகவே அவனுடைய நன்மையும் முழுமையாக அவனுடையது. அவனுடைய கொடுமையும் முழுமையாக அவனுடையது.

திருக்குறளில் 47 முதல் 50 வரையுள்ள நான்கு அதிகாரங்களை எண்ணிப் பாருங்கள். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அவை வரிசையாக வருகின்றன. பேரன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்நான்கையும் அவன் அறியாமலே பயின்று வருவதைக் கண்டு வியந்தேன். தன் படையையும் மாற்றான் படையையும் எண்ணிப் பார்த்தான். கருவூலத்தில் பொன் சேரும்வரை பொறுத்திருந்தான். எல்லைப்புறத்தில் எந்த நாட்டை முதலில் கொள்வது என்று ஆராய்ந்தான். ஆனால் வள்ளுவர் 50ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடவில்லையே! 55இல் செங்கோன்மையும் 56இல் கொடுங்கோன்மையும் வருகின்றன. வெல்லும் வழி சொன்ன ஆசான், வென்றபின் குடிகளின் கண்ணீருக்கு விடை சொல்ல வேண்டியவன் மன்னனே என்பதையும் சேர்த்தே சொன்னார். விளையாட்டிலோ அவ்விரண்டு அதிகாரங்களும் வரி விகிதமாகச் சுருங்கிவிட்டன. குடிகள் கலகம் செய்யாத அளவு எதுவோ அதுவே அங்கே நீதி.

விளையாட்டின் பெயரைச் சற்று நோக்குவோம். "காவலன்" என்கிறது பெயர். செய்வதோ பிறர் நாடு கவர்தல். இம்முரண்பாட்டை விளையாட்டை வகுத்தவர் தலையில் மட்டும் சுமத்த முடியாது. ரோமானியரே தம்மை இப்படித்தான் எண்ணிக்கொண்டனர். தம் கூட்டாளிகளைக் காக்கப்போய் உலகின் தலைமை தமக்கு வாய்த்தது என்பது சிசரோ போன்ற சான்றோரின் எண்ணமாகவே இருந்தது.

போர் தொடங்குவதற்கு அவர்களிடம் ஒரு சடங்கு இருந்தது. ஃபெட்டியல்கள் எனப்படும் குருமார் எல்லைக்குச் சென்று, தம் பக்கம் நியாயம் இருப்பதற்குத் தெய்வங்களைச் சான்று வைத்து, பகைவன் மண்ணில் ஓர் ஈட்டியை எறிய வேண்டும். பகைவன் கடல் கடந்து இருந்தால் என்ன செய்வது? பிர்ரஸ் மன்னனோடு நடந்த போரின்போது, சிறைப்பட்ட அவன் வீரன் ஒருவனைக் கொண்டு ரோமாபுரியிலேயே ஒரு துண்டு நிலத்தை வாங்கச் செய்து, அதனைப் பகைநாடு என்று பாவித்து, அதில் ஈட்டி எறிந்தனர் என்று பழைய உரையாசிரியர் செர்வியஸ் கூறுகிறார். பிர்ரஸின் போர் கி.மு. 275இல்தான் ஓய்ந்தது, நம் விளையாட்டு தொடங்கும் ஆண்டும் அதுவே. உள்ளூர்த் துண்டு நிலம் அயல்நாடாகிறது. அதில் விழும் ஈட்டி நியாயமாகிறது. வினை விளையாட்டான கதை கணிப்பொறியில் தொடங்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, திரையில் தோன்றும் ஓர் எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் காண்போம். விளையாட்டில் ஒரு நாட்டை வென்றால் நிலப்படத்தில் அதன் நிறம் மாறும், கருவூலம் பெருகும். வரலாற்றில் அந்நிறம் எப்படி மாறியது? கி.மு. 167ஆம் ஆண்டில் எபிரஸ் நாட்டில் நடந்ததை லிவியும் புளூட்டார்க்கும் எழுதி வைத்திருக்கின்றனர். மாசிடோனியப் போர் முடிந்துவிட்டது. எபிரஸின் ஊர்கள் பகைவன் பக்கம் சாய்ந்தன என்பது குற்றம். எமிலியஸ் பவுலஸ் என்னும் தளபதி, செனட் சபையின் ஆணைப்படி, ஒவ்வோர் ஊரிலிருந்தும் பத்துப் பெரியவர்களை அழைத்தார். ஊரிலுள்ள பொன்னையும் வெள்ளியையும் பொதுவிடத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். எல்லா ஊர்களுக்கும் படைப்பிரிவுகள் சென்றன. அனைத்தும் ஒரே நாளில் போய்ச் சேரும்படி, தொலைவிலுள்ள ஊர்களுக்குரியவை முன்னதாகப் புறப்பட்டன. காலையில் பொன்னும் வெள்ளியும் திரட்டப்பட்டன. பகலின் நான்காம் மணிவேளையில் அடையாளம் காட்டப்பட்டது, கொள்ளை தொடங்கியது. ஒரே நாளில் 70 ஊர்கள் அழிந்தன. 1,50,000 மக்கள் அடிமைகளாயினர்.

இதில் அவசரம் எங்கே இருக்கிறது? சினம் எங்கே இருக்கிறது? தொலைவைக் கணக்கிட்டு, நாளைக் குறித்து, நிதானமாக நகர்த்தப்பட்ட காய்கள் அவை. புளூட்டார்க் சொல்வதைப் பார்த்தால், பவுலஸ் இயல்பில் இரக்கமுடையவர். இச்செயல் அவர் இயல்புக்கு முற்றும் மாறானது. இவ்வளவுக்கும் பிறகு ஒவ்வொரு வீரனுக்கும் கிடைத்த பங்கு 11 டிராக்மாவுக்கு மேல் இல்லை என்றும் அவரே எழுதுகிறார். கொடியவன் செய்த கொடுமை நம்மை நடுங்கச் செய்கிறது. நல்லவன் ஒருவன் கணக்குப் பார்த்துச் செய்த கொடுமையோ நம்மைப் பற்றியே நம்மை ஐயுறச் செய்கிறது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மாசிடோனியாவிலிருந்து வந்த செல்வம் ரோமாபுரியின் கருவூலத்தை நிரப்பியதால், அதே கி.மு. 167 முதல் இத்தாலியிலிருந்த ரோமானியக் குடிமக்கள் செலுத்திவந்த நேரடி வரி நிறுத்தப்பட்டது. கி.மு. 43 வரையில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, அவர்கள் அதனைக் கட்டவில்லை. தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "இவ்வாண்டு வரி இல்லை" என்று மகிழ்ந்த எளிய ரோமானியனை நான் எண்ணிப் பார்க்கிறேன். அவன் யாரையும் கொல்லவில்லை, யாரையும் விற்கவில்லை. எங்கோ ஒரு நிலப்படத்தில் ஒரு நிறம் மாறியது; இவன் பையில் சில காசுகள் மிஞ்சின. திரைக்கு முன் அமர்ந்திருக்கும் ஆட்டக்காரனுக்கும் அவனுக்கும் வேறுபாடு உண்டு. ஆட்டக்காரன் வென்ற நாட்டில் மனிதர் இல்லை. அத்திண்ணைக் குடிமகன் தின்ற சோற்றில் மனிதர் இருந்தனர்.

"அப்படியானால் இத்தகைய விளையாட்டை ஆடுவது பாவம் என்கிறீரா?" என்று அன்பர்கள் கேட்கலாம். அவ்வாறு நான் கூறவில்லை. சதுரங்கத்தில் யானையை வெட்டியவன் மேல் யானைக்கொலைப் பழி வருமா? ரோமானியர்களே முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வைத்திருந்தனர். கட்டமிட்ட பலகையில், மாற்றான் காயை இருபுறமும் நெருக்கிச் சிறைப்பிடிக்கும் ஆட்டம் அது. அதன் காய்களை அவர்கள் அழைத்த சொல் வேடிக்கையானது. முதலில் கூலிப்படை வீரனைக் குறித்து, பின்னர் வழிப்பறிக் கள்வனைக் குறித்த "லாட்ரோ" என்னும் சொல் அது. தம் பலகைப் போர்வீரர்களைக் கள்வர் என்று அழைக்கும் அளவுக்காவது அவர்கள் மொழி நேர்மையாக இருந்தது!

அவ்வாட்டத்தைப் பற்றி செனெகா கூறும் ஒரு நிகழ்ச்சி மறக்க முடியாதது. ஜூலியஸ் கானஸ் என்னும் அறிஞருக்குக் கலிகுலா மன்னன் மரணதண்டனை விதித்தான். பத்து நாள் கழித்து, கொலைக்களத்துக்கு அழைத்துப்போக நூற்றுவர் தலைவன் வந்தபோது, கானஸ் நண்பரோடு இவ்வாட்டத்தில் அமர்ந்திருந்தார். அழைப்பைக் கேட்டதும் அவர் காய்களை எண்ணினார். தாம் இறந்தபின் வென்றதாகப் பொய் சொல்லிவிடக் கூடாது என்று நண்பரிடம் கூறினார். பின்பு அந்த நூற்றுவர் தலைவனைப் பார்த்துத் தலையசைத்து, தாம் ஒரு காய் முந்தியிருப்பதற்கு அவனே சான்று என்றார். விளையாட்டை விளையாட்டாகவும் வாழ்வை வாழ்வாகவும் பிரித்தறிந்த மனிதர் அவர். பலகையின் மேல் அவர் வென்றுகொண்டிருந்தார். பலகைக்கு வெளியே ஒரு மன்னனின் கையில் அவரே ஒரு காயாக இருந்தார். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. குழப்பிக்கொண்டவன் கலிகுலாவே.

ஆக, காய் நகர்த்துவதில் குற்றமில்லை. மனிதரைக் காயாக நினைப்பதில்தான் குற்றம் தொடங்குகிறது. இதனைப் பிறருக்குச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று நான் பலமுறை தயங்கியதுண்டு. அத்தயக்கத்தின் காரணத்தையும் மறைக்காமல் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் பிழைப்பைத் தேடி மத்திய இந்தியாவின் தொழில்நகரம் ஒன்றுக்கு வந்தவன். 1980களில் அங்குள்ள ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்தேன். தினக்கூலித் தொழிலாளரைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து ஆணை வந்தது. ஓராண்டில் 240 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்குச் சட்டம் சில பாதுகாப்புகளைத் தருகிறது. ஆகவே அந்த 240 நாள் நிறையாதவர்களின் பட்டியலைத் தயாரிக்கும் பணி என்னிடம் வந்தது. மூன்று நாள் அவகாசம் இருந்தது. அடிக்கோலும் பென்சிலும் கொண்டு, பேரேட்டைப் புரட்டி, நிதானமாக 38 பெயர்களை எழுதினேன். ஒரு பிழையும் இல்லை. மேலதிகாரி பாராட்டினார்.

அப்பட்டியலில் இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் அண்டாக்களைச் சுமப்பவர்; பந்தி முடிந்து கடைசியாக உண்பவர். பட்டியல் ஒட்டப்பட்ட மறுநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். வேலை கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை. "ஐயா, நான் நாலு வருசமா வேலை பார்க்கிறேன். என் பேரு இதிலே எப்படிங்க வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. நான்கு ஆண்டும் அவர் உழைத்தது உண்மை. ஒவ்வோர் ஆண்டும் 240 நாள் நிறையும் முன் அவரைச் சில வாரம் நிறுத்திவைத்து மீண்டும் சேர்த்ததும் உண்மை. அந்த இடைவெளிகளைப் பேரேட்டில் எழுதிய கையும் என் கையே. என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அடுத்த பொங்கலுக்கு அண்டா சுமக்க அவர் வரவில்லை.

எனக்கு அப்போது பகையில்லை, பேராசையில்லை, அவசரமும் இல்லை. மூன்று நாளும் உலகம் எனக்காக அசையாமல் நின்றது. அந்த மூன்று நாளில் நான் எண்ணிப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான்: அந்த 38 என்பது யார் யார் என்பது. இடைவெளிகளின் உண்மையைக் குறிப்பாக எழுதி மேலே அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் ஆணை மாறியிருக்குமோ, இல்லையோ. என் முறையை நான் சரியாக ஆடியிருப்பேன்.

எண்ணுக்குப் பின்னாலுள்ள முகத்தை நமக்குக் காட்டுவது எது? இலக்கியமே என்பது என் துணிபு. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், பிரிட்டனில் தம் மாமனார் அக்ரிக்கோலா பெற்ற வெற்றியைப் புகழ்ந்து கி.பி. 98ஆம் ஆண்டளவில் ஒரு நூல் எழுதினார். அதில், தோற்கப்போகும் கல்ககஸ் என்னும் தலைவன் தன் மக்களிடம் பேசுவதாக ஓர் உரையை அமைத்திருக்கிறார். ரோமானியரின் பேராசையை அதைவிடக் கடுமையாகச் சாடிய பேச்சு அரிது. வென்றவனின் மருமகன், தோற்றவனின் வாய்க்குச் சொல் கொடுத்தார். தம் குலத்தின் வெற்றியைப் பாடும்போதே, எதிர்க்கரையில் நிற்பவனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று அவர் உள்ளம் அறிந்திருந்தது.

நம் புறநானூறும் இவ்வகையில் பெருமைக்குரியது. மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பறம்பு மலையைக் கொண்டனர். அவ்வெற்றியைப் பாட அவர்களுக்குப் புலவர் கிடைக்காமல் போகவில்லை. எனினும் இன்று நம் நெஞ்சில் நிற்பது, தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிர் நிலவைப் பார்த்துச் சொன்ன 112ஆம் பாட்டே அன்றோ! வென்றவர் மூவரும் அப்பாட்டில் வெறும் நிழல்களாகவே நிற்கின்றனர்.

இதனைச் சொல்லும்போது நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதற்கும் ஒரு வரம்பு வேண்டும். செஞ்சுரியன் விளையாட்டின் நிலப்படத்தில் நம் நாடு இல்லை. ரோமானியர் நம்மிடம் வந்தது மிளகுக்காக. முசிறியிலும் அரிக்கமேட்டிலும் அவர்கள் பொருள்கொண்டு பொருள் மாற்றினர். அவர்கள் படையெடுப்பால் வருந்தியவர் அல்லர் நாம். ஆனால் நாமும் நிலப்படங்களில் நிறம் மாற்றியவர்களே. சோழரின் மெய்க்கீர்த்திகள் கொண்ட நாடுகளின் பெயர்களை அடுக்கிச் செல்கின்றன. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியதை நம் பிள்ளைகளுக்குப் பெருமையுடன் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லிக் கொடுக்கட்டும், கடல் கடந்த ஆற்றல் போற்றத் தக்கதே. கடாரத்திலும் ஒரு பாரியின் மகள் இருந்திருப்பாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அப்பெருமை குறைந்துவிடாது. பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்று மொழியார் நடுவில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். நம்மையும் சில சமயங்களில் பெயராக எண்ணாமல் தொகையாக எண்ணுகின்றனர் என்பதை அறிந்தவர்கள் அல்லவா நாம்?

விடுமுறையின் இறுதிநாள் பேரன் என்னைக் கூவி அழைத்தான். "தாத்தா, கார்த்தேஜை ஜெயிச்சாச்சு!" என்றான். அவன் அருகில் அமர்ந்து, மெய்யான கார்த்தேஜின் கதையைச் சொன்னேன். கி.மு. 146இல் மூன்றாண்டு முற்றுகைக்குப் பின் அந்நகரம் வீழ்ந்தது. இறுதியாகச் சரணடைந்த 50,000 பேர் அடிமைகளாயினர். தீப்பற்றி எரியும் நகரைப் பார்த்துத் தளபதி சிப்பியோ கண்ணீர் விட்டார். எபிரஸை அழித்த அதே எமிலியஸ் பவுலஸ் பெற்ற மகன் இவர். டிராய் நகரின் வீழ்ச்சியைப் பற்றிய ஹோமரின் அடிகளை அவர் முணுமுணுத்ததாகவும், தம் ரோமாபுரிக்கும் இக்கதி ஒருநாள் வருமே என்று அஞ்சியதாகவும், உடனிருந்த பாலிபியஸ் வாயிலாக நாம் அறிகிறோம். அந்த பாலிபியஸும் கி.மு. 167இல் பிணையாக ரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கிரேக்கர்.

"ஜெயிச்சவர் எதுக்குத் தாத்தா அழணும்?" என்று கேட்டான் பேரன்.

"எரியற ஊர்ல தன் ஊரைப் பார்த்துட்டாருப்பா" என்றேன்.

அவன் சற்று எண்ணினான். "அழுதாரே, அப்புறம் தீயை அணைச்சாரா?" என்றான்.

அணைக்கவில்லை. நகரம் நாட்கணக்கில் எரிந்தது. சிறுவனின் கேள்வி என்னைச் சுட்டது. சிப்பியோவின் கண்ணீர் உயர்ந்ததுதான்; ஆனால் அது முறை முடிந்தபின் வந்த கண்ணீர். கழுவி வைத்த அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நான் நின்றதும் முறை முடிந்தபின்தான். வருத்தம் மனிதனுக்கு இயல்பு. அது நம்மைத் திருத்தலாம். ஆனால் விற்கப்பட்டவரை மீட்பதில்லை. பட்டியலிலிருந்து ஒரு பெயரையும் அழிப்பதில்லை. பிறரை நினைக்க வேண்டிய இடம், முறை நம் கையில் இருக்கும்போது கிடைக்கும் அந்தச் சிறு நிறுத்தம். கையொப்பமிடுமுன் பேனா நிற்கும் நொடி, வாடகையை உயர்த்துமுன் எண்ணும் ஓர் இரவு, ஒருவரைப் பற்றிச் சொல்லுமுன் மூச்சிழுக்கும் நேரம் ஆகியவையெல்லாம் நம் முறைகளே. வலியும் காலமும் இடமும் ஆராய்ந்த பிறகு இன்னும் ஒன்று கேட்க மிச்சம் இருக்கிறது: "இந்த எண் யார்?"

பேரன் ஆடுவதை நான் தடுக்கவில்லை. விளையாட்டு வினையாகிவிடும் என்னும் அச்சம் எனக்கு இப்போது அவ்வளவாக இல்லை. அவன் கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தான். நிலப்படத்தில் கார்த்தேஜின் நிறம் மாறியிருந்தது. அங்குள்ள மக்கள் மனம் குமுறுவதாகத் திரை காட்டியது.

"தாத்தா, வரியைக் குறைக்கட்டுமா?" என்று கேட்டான்.

"கலகம் வரும்னு பயமா?" என்றேன்.

"அதுவும்தான்..." என்று இழுத்தான். பிறகு வெகுநேரம் ஒன்றும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தான். உலகம் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.